குதிகால் தாளம்

மேடையில் இருந்த மூன்று பேரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா இருக்க, பாட்டு மட்டும் நிற்காமல் தன்போக்கில் நடந்துபோனது. ஒரு முட்டை வெந்து, அதை உரித்து, உப்புத் தொட்டுத் தின்று, கையையும் கழுவிக்கொள்கிற நேரம் அப்படி நடந்தது என்பாள் அக்கா. கேட்கிறவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு அவள் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் தீர்ந்துபோன வேனை ஒரு தும்மலில் மேடு ஏற்றியதாகச் சொன்னவள் அவள். அவள் சொல்லில் எப்போதும் கொஞ்சம் காற்று அடைத்திருக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் நேரத்தைக் குறைத்துத்தான் சொல்கிறாள். கை கழுவிய பிறகு துண்டில் துடைத்துக்கொள்ளவும் அவகாசம் இருந்தது.

அக்கா என்று அவளைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். மண்டபக் காவலாளி, டிக்கெட் கிழிக்கிறவர், ஒலிபெருக்கிக்காரர் என்று எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளுடைய அண்ணன் பாடகர். கிட்டாரும் அவர் கையில்தான். அவரைப் பெரியவர் என்பார்கள். தம்பி டிரம்ஸ் வாசிப்பவர், அவர் சின்னவர். பேஸ் கிட்டார் அவள் கணவர். மேடையின் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாரென்றால் விளக்கை அணைத்த பிறகுதான் அசைவார். அதனால் அவருக்குச் சுவர் என்று பெயர். மூன்று பேருமாக ஒரு ராக் குழு. மூவரின் வயதையும் கூட்டிச் சொன்னால் ஆமை வெட்கப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழுவை வேனில் ஏற்றி, இறக்கி, ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு திரிந்தவள் அக்கா.

வேன் என்று பேச்சுக்குச் சொல்வது. பாதி இரும்பு, பாதி துரு, மீதி பிரார்த்தனை. அதன் கதவைச் சாத்தினால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தைகள் எழுந்து அழும். ஒரு காலத்தில் அதற்குள் ஸ்பீக்கரும் பாட்டில்களும் சட்டை கழற்றிய வாலிபர்களும் இருந்தார்கள். இப்போது முழங்கால் பட்டை, வெந்நீர்ப் பை, ஆவி பிடிக்கிற பாத்திரம், ஒரு கட்டிலுக்குப் போதுமான தலையணைகள். முன்பெல்லாம் மேடையின் பின்வாசலில் பெண்கள் கூட்டமாகக் காத்திருப்பார்கள். இப்போதும் காத்திருக்கிறார்கள். எந்த டாக்டரிடம் முட்டி காட்டுகிறீர்கள் என்று கேட்பதற்கு.

நால்வரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அக்காவும் சுவரும். மாடியில் மனைவியை இழந்த பெரியவர். பின்னறையில், கல்யாணம் என்ற ஊருக்கு வழி தெரியாமலே போய்விட்ட சின்னவர்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஏஜென்ட் அந்த வீட்டுக்கு வந்தான். நிகழ்ச்சிகள் பிடித்துக் கொடுப்பது அவன் வேலை. சமையலறை மேசையில் அவனுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்தாள் அக்கா. இரண்டாவது முட்டையைத் தின்று முடித்த பிறகுதான் அவனுக்குப் பெரியவரிடம் பேசத் தைரியம் வந்தது.

"அண்ணே, சுத்தி வளைக்காம சொல்றேன். குழுவா இனிமே திரிய முடியாது. வேன் படுத்துடும், இல்லைன்னா நீங்க படுத்துடுவீங்க. நீங்க தனியா வாங்க. ஒரு நாற்காலி, ஒரு மரக் கிட்டார். நாலு பாட்டு, நடுநடுவுல பழைய கதை. ரயில் டிக்கெட் என் பொறுப்பு. தங்கறதுக்குக் கீழ்த்தளத்துல ரூம்."

"கீழ்த்தளமா," என்றார் பெரியவர். பேசியது அவரல்ல, அவருடைய முழங்கால். நின்றுகொண்டு பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"அப்ப நாங்க?" என்றாள் அக்கா.

"நீங்க ஓய்வெடுங்கக்கா. ஓட்டின வரைக்கும் போதாதா?"

"போதும்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்," என்றார் சுவர். "கடையைச் சாத்திடலாம். என் இடுப்பு இப்பல்லாம் என் பேச்சே கேக்கறதில்ல."

"உங்க பேச்சை இந்த வீட்டுல எதுதான் கேட்டுச்சு, இடுப்பு கேக்கறதுக்கு," என்றாள் அக்கா.

சுவர் அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. ஓய்வுக்கென்று ஒரு சாய்வு நாற்காலியே வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கூடத்தில் போட்டுவைத்திருந்தார். பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டுத் தேதிக்குக் காத்திருக்கிற மாதிரி தினமும் அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

சின்னவர் கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்தத் தட்டல்தான் உறுத்தியது. பெரியவருக்குக் குரல் இருக்கிறது, தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள்வார். அவளுக்கும் சுவருக்கும் சண்டை போட ஒருவருக்கொருவர் இருக்கிறார்கள். சின்னவருக்கு அந்தத் தோல் கட்டிய உருளைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்? அண்ணன் ரயிலேறிப் போய்விட்டால் பின்னறையில் கட்டிலைத் தட்டிக்கொண்டு கிடப்பான்.

"ஒரு நிகழ்ச்சி பாக்கி இருக்குல்ல," என்று ஏஜென்ட் எழுந்தான். "அது முடிஞ்சதும் பதில் சொல்லுங்கண்ணே."

டயர் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு அறையில்தான் அவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். ரப்பர் வாசனை தலைவலி மாதிரி அந்த அறையிலேயே குடியிருந்தது. ஆம்ப்ளிஃபயரை வேனிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோவதற்குள், செத்த வண்டை இழுக்கிற எறும்புகள் மாதிரி நாலு பேரும் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். "இதை ஒரு கையால தூக்கினவன் நான்," என்றார் பெரியவர். "அந்தக் கை எங்கேன்னு கேளுங்க மச்சான், கூப்பிட்டுக்கலாம்," என்றார் சுவர்.

அன்றுதான் முதன்முதலாகப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டிரம்ஸ், அச்சு கழன்ற சக்கரம் மாதிரி ஒரு பக்கமாக உருண்டு போயிற்று. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி போயிற்று.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றார் பெரியவர். சின்னவர் எட்டி எட்டி நாற்காலிக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பின்பக்கமாகத் தேநீர் கொண்டுவந்தாள். "டேய், டீ," என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். அவர் திரும்பவில்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ, தேநீரை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த தகர மூடியை எடுத்துத் தரையில் போட்டாள். சுவரே கண்ணைத் திறந்துவிட்டார். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சின்னவரின் முதுகு மட்டும் அசையவில்லை.

அக்கா முன்னால் போய் நின்றாள். "உனக்குக் காது கேக்குதா, இல்லையா?"

சின்னவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு குச்சிகளை மடியில் வைத்தார்.

"இடது காது முதல்ல போச்சுக்கா. வலது காது அதுக்குத் துணையாப் போயிடுச்சு."

"எப்பலேர்ந்து?"

"வேன்ல ரேடியோ ரிப்பேர்னு நான் சொன்னேனே, அப்பலேர்ந்து."

"ரேடியோ நல்லாத்தானேடா இருக்கு."

"அதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் யாருக்கும் தெம்பில்லை.

"ஏண்டா சொல்லல?" என்றார் பெரியவர்.

"நான் யார் பேச்சையும் கேக்கறதில்லைன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. திமிர்னு நினைச்சாலும் பரவால்ல, செவிடுன்னு நினைக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப இத்தனை வருஷம் எப்படி அடிச்சே?"

"உன் இடது குதிகாலைப் பாத்துண்ணா. நீ பாடும்போது குதிகால் எழும்பி எழும்பி விழும். அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டேன். நாற்காலியில உக்காந்ததும் அது மறைஞ்சுபோச்சு."

பெரியவர் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தார். "டேய், நான் தாளத்துக்கு உன்னைத்தானேடா நம்பிக்கிட்டிருக்கேன். நீ அடிக்கிற அடிக்குத்தான் என் குதிகாலே ஆடுது."

சுவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப வண்டியை யாருதான் ஓட்டிக்கிட்டிருந்தது?"

"நீங்கன்னு நினைச்சேன் மாமா," என்றார் சின்னவர்.

"நான் கண்ணை மூடிக்கிட்டுப் பின்சீட்டுல உக்காந்து வந்தவன்டா."

வயர் பழுது பார்க்க வந்திருந்த ஒலிபெருக்கிக்காரருக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அவர்களுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த முதல் பாட்டின் பழைய ரெக்கார்டை ஃபோனில் தேடி ஓடவிட்டார். அது ஓடியதா, பறந்ததா. அதே பாட்டை இவர்கள் போன மாதம் பாடிய பதிவையும் போட்டார். பழைய பாட்டு முடிந்து, மேடை இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். புதிய பாட்டு இரண்டாவது சரணத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

தம்பி வரட்டும் என்று பெரியவர் ஒரு மயிரிழை நிற்க, அண்ணன் வரட்டும் என்று சின்னவர் ஒரு மயிரிழை நிற்க, மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்து பாட்டு இரண்டு மடங்காக நீண்டிருந்தது. கேட்க வந்தவர்களுக்கும் கூடவே வயதானதால் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

பெரியவர் கிட்டாரைக் கழற்றி மூலையில் சாய்த்தார். "நான் தனியாவே போயிடறேம்மா. காது கேக்காதவனை மேடையில ஏத்தி நிக்கவைச்சுச் சிரிக்க வைக்கக் கூடாது." அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சின்னவர் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போண்ணா," என்றார் சின்னவர்.

ஆறிப்போன தேநீரை யாரும் தொடவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் திரும்ப ஏற்றும்போது இறக்கியதைவிட இரண்டு மடங்கு கனத்தது. வேனை ஓட்டிக்கொண்டு வரும்போது அக்கா ரேடியோவைப் போடவில்லை. வீட்டுக்கு வந்து, கழுவின கோப்பைகளையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "பீங்கான் தேஞ்சுடும்," என்றார் சுவர். "தேயட்டும்," என்றாள்.

கடைசி நிகழ்ச்சி ஒரு பழைய நகர மண்டபத்தில், மதியம் மூன்று மணிக்கு. மூன்று மணி என்று வைத்தது மண்டபக்காரர்கள்தான். வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமாம். மழை விட்டு வெயிலும் இல்லாமல் நசநசவென்ற நாள். கூட்டம் வந்தது. கைத்தடிகள், சக்கர நாற்காலிகள், கழுத்துப் பட்டைகள். ஒரு காலத்தில் தலையை ஆட்டி ஆட்டி முடியைச் சுழற்றியவர்கள். இப்போது சுழற்ற முடியுமில்லை, ஆட்டக் கழுத்துமில்லை. ஆனாலும் முன்வரிசையில் ஒருவர் தோல் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் எட்டாததால் பாதி ராக், பாதி தொப்பையாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா நாற்காலியைச் சாய்வாகப் போட்டாள், குதிகால் தெரிவதற்காக. சின்னவர் வழக்கம்போல வெறுங்காலோடு ஏறினார். சுவர் மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் இரண்டு பாட்டும் எப்படியோ நொண்டிக் கரை சேர்ந்தன. மூன்றாவதாக அந்தப் பாட்டு, பேர் வாங்கிக்கொடுத்த பாட்டு. அங்கேதான் வினை வந்தது. இத்தனை வருஷம் ஒருவரையொருவர் நம்பி ஓட்டியவர்களுக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. தம்பி என் குதிகாலைப் பார்க்கிறான் என்று தெரிந்த பெரியவருக்குக் குதிகால் கூசியது, கல்யாணப் பெண்ணின் கால் மாதிரி. அண்ணன் என் அடிக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்த சின்னவருக்கு, முந்திக்கொண்டால் அவரைத் தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று கை தயங்கியது. வாசலில் எதிர்ப்பட்ட இரண்டு சம்பந்திகள் மாதிரி, நீங்க போங்க, இல்லையில்லை நீங்க போங்க. பாட்டு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, முதல் சரணம் முடிந்த இடத்தில் மரியாதையின் பாரம் தாங்காமல் நின்றே போய்விட்டது.

பெரியவரின் கை கம்பியிலிருந்து இறங்கியது. சின்னவரின் குச்சிகள் முழங்காலுக்கு வந்தன. சுவரின் விரலும் நின்றது. திரைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு வேனைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று தோன்றியது. இப்படியா முடிய வேண்டும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. டப், டப், டப் என்று. தோல் சட்டைக்காரரின் செருப்பு. அவருக்குப் பக்கத்து வரிசையில் ஒரு கைத்தடி. அதற்குப் பின்னால் இன்னும் பல கால்கள். அவர்கள் நிறுத்தவே இல்லை. மேடையில் நின்றதை அவர்கள் கவனித்தார்களோ என்னவோ, அவர்கள் கால் கவனிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பழைய ரெக்கார்டின் வேகத்திலேயே அந்தப் பாட்டைக் காலுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த ஜனங்கள். அந்த வேகத்துக்கே கால்கள் போயின. பழைய மண்டபம், தரை முழுக்கப் பலகை, மேடையும் அதே பலகையின் நீட்சி. ஒரு பெண்மணி சரணத்தை வாய்க்குள் முனக ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவருக்குப் பாதி வார்த்தைதான் ஞாபகம், மீதிக்குத் தன் பேத்தியின் பெயரைப் போட்டுப் பாடினார். பாட்டு ஆளில்லாமல் நடந்து, இரண்டாவது சரணத்தைத் தாண்டி, திருப்பத்துக்கு வந்தது.

சின்னவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். கட்டை விரலை விரித்தார். அடிபட்ட நாய்க்குட்டியை யாரோ வருடிக்கொடுத்த மாதிரி அவர் முகம் மாறியது. குச்சியை எடுத்தார். அண்ணனின் குதிகாலைப் பார்க்கவில்லை. காலால் கேட்டு, கையால் அடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் மண்டபக்காரர்கள் கூரைக்குக் கணக்குக் கேட்பார்கள். பாட்டு பழைய வேகத்தில் அவர்கள் மூன்று பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியது. பெரியவருக்கு மூச்சு எட்டாமல் விட்ட வார்த்தைகளைக் கூட்டம் பொறுக்கிக்கொண்டது. முடிந்ததும் அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி சிரித்தார்.

வேனில் வரும்போது அக்கா பேசியதை நிறுத்தவில்லை. "யாருமே வாசிக்கலைங்க. பாட்டு தானா நடந்துச்சு."

"ஜெனரேட்டர் சத்தமா இருக்கும்," என்றார் சுவர்.

"ஜெனரேட்டர் சரணம் பாடுமா?"

"கால் மரத்துப் போயிருக்கும், உதறியிருப்பாங்க. நான் ஒண்ணும் பாக்கல. கண்ணை மூடியிருந்தேன்."

மறுநாளிலிருந்து பெரியவர், ஒத்திகையில் சொன்னபடியே, ரயில் பயணத்துக்குத் தயாரானார். மாடியில் தனியாக உட்கார்ந்து மரக் கிட்டாரில் பழகினார். கீழே அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். ஒவ்வொரு பாட்டும் நன்றாகக் கிளம்பும். போகப் போகத் தளரும். நடுவழியில் நின்றுவிடும். ஒரு நாள் அவர் படியில் பக்கவாட்டாக, ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து, இறங்கி வந்தார்.

"நின்னு நின்னு போகுதும்மா."

"எதுக்கு நிக்குது?"

"அவன் வரட்டும்னு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பெரியவர் மேசையில் உட்கார்ந்து நறுக்கிய காரட்டை எடுத்துத் தின்றார். "தனியாப் போக எனக்கு நாற்காலி இருக்கு, குரல் இருக்கு, வழிதான் தெரியல. குழுவா வாரத்துக்கு மூணு ஊர் ஓடறதுக்கும் இனிமே உயிர் இல்ல."

பின்னறைக் கதவில் சாய்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவர் சொன்னார்: "பலகைத் தரைன்னா நான் வருவேண்ணா. கால் எனக்கு நல்லாக் கேக்குது."

அன்று மாலையே அக்கா ஏஜென்டைக் கூப்பிட்டாள். ஃபோனை எல்லோரும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தாள். தனி நிகழ்ச்சி வேண்டாம், குழுவாகவே வருகிறோம், ஆனால் பலகைத் தரை மண்டபம் மட்டும், அதுவும் மதியம் மட்டும் என்றாள்.

"பலகைத் தரை மண்டபம் மொத்தமே கைவிரலுக்குள்ள அடங்கிடும்கா," என்றான் அவன்.

"அதுக்கு மேல எங்களாலயும் முடியாதுப்பா."

"சரிக்கா, அதுக்கு நான் மண்டபக்காரங்ககிட்ட என்ன காரணம் சொல்றது?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். சின்னவரின் காது, முட்டை, உரித்தது, உப்பு, கை கழுவியது எல்லாம். மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. தும்மி வேன் ஓட்டினவங்க நீங்க. பெரியவரும் சின்னவரும் உங்க கூடப் பிறந்தவங்க, விட்டுக்கொடுக்க மாட்டாங்க. காது கேக்காதவரை மேடையேத்தறேன்னு மண்டபக்காரங்ககிட்ட நான் வாக்குக் கொடுக்கணும். உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும். அவர் நடந்தது நடக்கலைம்பாரே தவிர, நடக்காததை நடந்துச்சுன்னு சொன்னதில்ல. அவர் ஆமான்னா நாளைக்கே பேசறேன். இல்லைன்னா பெரியவர் தனியா ரயிலேறட்டும், இல்லைன்னா எல்லாரும் ஓய்வெடுங்க."

சுவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையிலிருந்து அவர் இடுப்புக்கு விடுதலை. அக்காவுக்கு அது தெரியும். அதனால் கேட்க வாய் வரவில்லை. சின்னவர் உள்ளங்கைகளை மேசைப் பலகையில் பரப்பிவைத்துக்கொண்டு, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் உதடு இல்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்றது ஃபோன்.

சுவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். ஃபோனைப் பார்த்துத் திரும்பவில்லை. சின்னவருக்கு நேராக, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி வந்து நின்றார்.

"நடந்துச்சு," என்றார். "நான் கண்ணைத் திறந்துதான் பாத்தேன். எங்க மூணு பேர் கையும் சும்மாதான் இருந்துச்சு."